காதால் படித்தவள்

பெற்றீசியா அன்று மட்டும் "சரிங்க சம்மந்தி" என்று சொல்லாமல் இருந்திருந்தால், அவளுடைய வாழ்க்கையில் இவ்வளவு பெரிய புயல் வீசியிருக்காது.

கண்டி மஹியாவையில் அவளுடைய இரண்டு அறை வீட்டில், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் றேணுகா தட்டில் கேக் துண்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை ரொனிக்கு வங்கியில் வேலை. அவனுடைய அம்மா, முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. நல்ல மனுஷிதான். மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டு அவர் சொன்னார்:

"எங்க குடும்பத்தில ஒரு பழக்கம் இருக்குங்க சம்மந்தி. கோயில்ல, கல்யாணப் பூசையில மன்றாட்டு ஜெபங்கள ரெண்டு அம்மாமாரும்தான் வாசிப்போம். என் கல்யாணத்துக்கு எங்க மாமியாரும் எங்கம்மாவும் வாசிச்சாங்க. மொதல்ல நான் வாசிக்கிறேன், அடுத்தது நீங்க. சரிதானே?"

"சரிங்க சம்மந்தி."

றேணுகாவின் கையிலிருந்த தட்டு சரிந்தது. ஒரு துண்டு கேக் தரையில் விழுந்தது. அம்மாவுக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தானே தெரியும்!

பெற்றீசியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஆறு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஏழு வயதில் தங்கைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டாள். அத்தோடு சரி. மாநகர சபையில் வேலை பார்த்த சேவியரைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தாள். சேவியர் கண்ணை மூடி எட்டு வருடமாகிறது. அதன் பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைத்து, பார்சல் கட்டித்தான் றேணுகாவைப் படிக்க வைத்தாள்.

அந்தக் கடையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது: ரெக்கோட் பெட்டி. பகல் பதினொரு மணிக்கு மேல் காரியாலயங்களிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வரும். முதலாளி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே கத்துவார். "எட்டு கோழி, ஆறு மீன், மூணு முட்டை, ஒண்ணுல பருப்பு வேணாம், ஒண்ணுல சம்பல் கூட!" இப்படி நாற்பது, ஐம்பது. கடதாசியும் இல்லை, பேனையும் இல்லை. பெற்றீசியா அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்பாள். ஒரு பார்சல்கூட மாறியது கிடையாது. அவள் காதுக்குள் ஒரு தடவை போனது வெளியே போகாது. கோயிலில் கேட்ட ஜெபங்கள், வாசகங்கள், பிரசங்கங்கள் எல்லாம் அப்படியே உள்ளே கிடந்தன.

மாப்பிள்ளை வீட்டார் போனதும் றேணுகா அழுதாள். "ஏம்மா சரின்னீங்க? கண்ணு தெரியல்லன்னு சொல்லியிருக்கலாமே!"

"கல்யாணம் செப்டெம்பர்லதானே? ஒம்பது மாசம் இருக்கு புள்ள. நான் படிச்சிருவேன்" என்றாள் தாய்.

கட்டுகஸ்தோட்டையில் டயர் கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு வளர்ந்தோர் கல்வி நிலையம் இருந்தது. செவ்வாயும் சனியும் பின்னேரம் வகுப்புகள். ஓர் அறையில் தையல், ஓர் அறையில் கேக் அலங்காரம், கடைசி அறையில் தமிழ் வாசிப்பு. கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்கு எல்லா அறையும் திறந்து, எல்லோரும் ஒரே மேசையில் பிளேன்டீ குடிப்பார்கள். பொங்கலுக்கு ஓர் ஒன்றுகூடல், நோன்பு திறக்க ஒன்று, நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்று, வருடத்தில் ஒரு சுற்றுலா.

பெற்றீசியாவை அங்கே அழைத்துப் போனவள் அன்னலட்சுமி. கண்டியில் சாமான் கடை வைத்திருப்பவரின் மனைவி. தையல் பழக வந்து, தையல் வராமல், வாய் மட்டும் நன்றாகப் பழகியவள். "நீ வா பெற்றீசியா. நான் மூணு வருசமா ஒரே பிளவுஸ தைக்கிறேன், என்னையே இன்னும் வெளிய போடல்ல" என்று சொல்லித்தான் கூட்டிப் போனாள்.

வாசிப்பு வகுப்பின் ஆசிரியை பஸீஹா. அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வருபவள். முப்பத்திரண்டு வயதுதான். பெற்றீசியாவின் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவள், அவ்வளவுதான். ஆனால் அவள் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றதும் பெற்றீசியா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள்.

பஸீஹாவின் முறை இது: செவ்வாய்க்கிழமை ஒரு பாடத்தாள் கொடுப்பாள். சனிக்கிழமை அதை வாசிக்க வேண்டும். முதல் செவ்வாய் வீடு திரும்பும் பஸ்ஸில் பெற்றீசியா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பக்கத்திலிருந்த அன்னலட்சுமி வாங்கி, சத்தமாக ஒரு தடவை வாசித்துக் காட்டினாள். சனிக்கிழமை பெற்றீசியா எழுந்து நின்று, தாளைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். வகுப்பே கை தட்டியது.

அவள் ஏமாற்றினாள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். வாசிப்பு என்றால் அதுதான் என்று அவள் நம்பினாள்! படித்தவர்கள் எல்லோரும் எப்போதோ கேட்டு மனதில் வைத்திருப்பதைத் தாளைப் பார்த்ததும் சொல்கிறார்கள். எழுத்துகள் அதை ஞாபகப்படுத்தும் அடையாளங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக மனதில் இருக்கிறது, தனக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்றுதான் ஐம்பத்து மூன்று வருடமும் நினைத்திருந்தாள். கேட்டதை ஒன்றும் மறக்காத ஒருத்திக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஐந்தரை மாதம் இப்படியே போனது. பஸீஹா நிலையத்தின் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, "என்னுடைய வகுப்பில் முதலிடம் பெற்றீசியா அக்காவுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள்.

ஜூன் மாதத்தில் சுற்றுலா வந்தது. பேராதனைப் பூந்தோட்டம். மூன்று வேன்கள், நாற்பது பெண்கள், நாற்பது சோற்றுப் பார்சல்கள். எல்லாவற்றையும் பெற்றீசியாதான் விடிய எழும்பிக் கட்டியிருந்தாள். எல்லோரும் சாப்பிடக்கூடியதாக மரக்கறியும் பருப்பும் கத்தரிக்காய் மோஜுவும்.

சாப்பிட்டு முடிந்ததும் பெரிய மரமொன்றின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து விளையாட்டு. பஸீஹா ஒரு துணிப்பையைச் சுற்றி அனுப்பினாள். உள்ளே மடித்த துண்டுகள். எடுப்பவர் அதில் எழுதியிருப்பதை வாசித்து, அதன்படி செய்ய வேண்டும். ஒருத்தி குயில் போலக் கூவினாள். ஒருத்தி மாமியார் போல நடந்து காட்டினாள். சிரிப்பில் எல்லோருக்கும் வயிறு வலித்தது.

பை பெற்றீசியாவிடம் வந்தது.

துண்டை விரித்தாள். எழுத்துகள். யாரும் ஒரு தடவையும் வாசித்துக் காட்டாத எழுத்துகள். அன்னலட்சுமி எங்கே? ஐஸ்கிரீம் வாங்கத் தொலைவில் நிற்கிறாள். அத்தனை முகங்களும் அவளையே பார்க்கின்றன. காதில் ஒன்றும் இல்லை. காது வெறுமையாக இருந்தது!

"ஒரு... ஒரு பாட்டுப் பாடச் சொல்லி இருக்கு" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மாதா பாட்டு ஒன்றைப் பாடினாள். உருகி உருகிப் பாடினாள். கேட்டவர்களின் கண்கள் கலங்கின.

பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த கேக் வகுப்புப் பாயிஸா துண்டைப் பறித்துப் பார்த்தாள்.

"பொய்! பெற்றீசியாக்கா பொய்! இதுல தவளை மாதிரி மூணு தரம் குதிக்கோணும்டு ஈக்கு!"

ஐஸ்கிரீமோடு வந்துகொண்டிருந்த அன்னலட்சுமி தூரத்திலிருந்தே கத்தினாள். "விடுங்கடி! அவ குதிச்சா பூந்தோட்டத்தத் திரும்ப நட வேண்டி வரும்!"

எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். குதிக்கப் பயந்து தந்திரம் செய்துவிட்டாள் என்று நினைத்தார்கள். பெற்றீசியாவும் சிரித்தாள். பஸீஹா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும் வேனில் பஸீஹா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொப்பியை எடுத்து ஒரே ஒரு சொல்லை எழுதினாள். குரலைத் தாழ்த்தி, "இத வாசிங்க அக்கா" என்றாள்.

பெற்றீசியா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வேன் கன்னொருவையைத் தாண்டியது. அவளுடைய கண்ணீர் கொப்பியில் விழுந்து, எழுதியிருந்த 'தவளை' கரைந்தது.

"இவ்வளவு நாளும் ஆரு வாசிச்சுக் காட்டின?"

"அன்னலட்சுமி. ஒரே ஒரு தடவதான் டீச்சர். எனக்கு அது போதும்."

பஸீஹா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா, வெட்கமா, எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கவா? கோவிக்கக் கூடாது. நீங்கெல்லாம் அப்படி இல்லயா? எங்கயோ ஒரு தடவ கேட்டு வச்சிருந்துதானே சொல்றீங்க?"

பஸீஹா மெல்லத் திரும்பினாள். "இல்லக்கா. காலையில பேப்பர எடுத்தா, அதுல ஈக்கிறது எல்லாம் நான் அண்டைக்குத்தான் முதல் தரம் பாக்கிற."

"முன்ன கேக்காததயா?"

"ஒருத்தருமே சொல்லாதத."

பெற்றீசியா டீச்சரின் கண்களையே உற்றுப் பார்த்தாள். யாரும் வாய் திறக்காமல், எங்கோ இருக்கும் ஒருவர் நினைத்தது இவளுக்குள் வந்துவிடுமா? அதுவா வாசிப்பு? இத்தனை காலமும் உலகத்தில் எல்லோரும் அதையா செய்துகொண்டிருந்தார்கள்!

"அக்கா, நான் ஒண்டு சொல்றேன்" என்றாள் பஸீஹா. "சேர வந்தண்டைக்குச் சொன்னீங்களே, அந்தக் கல்யாணத்துக்கு இனி மூணு மாசம்தான் ஈக்கு. நீங்க அந்த மன்றாட்ட ஒருக்கா கேட்டுட்டுச் சொன்னா, கோயில்ல ஒருத்தருக்கும் விளங்காது. அத முடிச்சிட்டு ஆறுதலாப் படிப்போமா?"

"வேணாம் டீச்சர்." அழுத குரலில் இருந்த உறுதி பஸீஹாவைத் திடுக்கிட வைத்தது. "எனக்கு அந்த யாரும் சொல்லாதது வேணும். செப்டெம்பருக்குள்ள வேணும்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஆனா, ஆவன்னா மறுபடியும் தொடங்கியது. வரிசையாகச் சொன்னால் ஒப்பித்துவிடுவாள் என்று பஸீஹா எழுத்துகளைச் சீட்டுக்கட்டு மாதிரி வெட்டிக் கலைத்துப் போட்டாள். அன்னலட்சுமி பஸ்ஸில் ஏதாவது கடைப் பெயரை வாசித்தால் பெற்றீசியா இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "வாய மூடு அன்னம்! எனக்கு வெசம் குடுக்காத!"

"இது நல்ல கதையா இருக்கே. வாசிச்சா புண்ணியம்னு நெனச்சேன், இப்ப வெசமாம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனால் பாடத்தாள்கள் போதவில்லை. பஸீஹா சொல்லித் தரும்போதே சொற்கள் காதில் ஒட்டிக்கொண்டன. காதை எப்படி ஏமாற்றுவது? விடை கடையிலேயே இருந்தது. பார்சலைச் சுற்றுவதற்குப் பழைய பேப்பர்களைக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார்கள். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கிழிந்த துண்டுகள். எந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. இவள் காதுக்கு நிச்சயமாகத் தெரியாது. சிங்களத்தை ஒதுக்கி, தமிழை மேலே வைத்தாள். ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு வரி. வாசித்த பிறகுதான் கட்டுவது என்று தனக்குத்தானே சட்டம் போட்டாள்.

"என்ன பெற்றீசியா, சோறு ஆறுது!" முதலாளி கத்தினார். "பார்சல் கட்டுறியா, வாசிகசாலை நடத்துறியா?"

"அரை நிமிசம் முதலாளி. 'க'வுல நிக்கிறேன்."

"எனக்கு வெளிய பத்துப் பேர் நிக்கிறாங்க!"

ஒரு மாதம் வெறும் எழுத்துகள். அடுத்த மாதம் சொற்கள், நொண்டி நொண்டி. இரவில் கண் எரிந்தது. சில நாட்களில் எழுத்துகளெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன. "என் மண்டையில ஏறாது டீச்சர்" என்று இரண்டு தடவை வகுப்பை விட்டு எழுந்து போனாள். இரண்டு தடவையும் படிக்கட்டின் நடுவில் நின்று, மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள், நெத்தலிக் கருவாட்டுப் பார்சலைச் சுற்றப் போன துண்டில் அவளுடைய விரல் ஊர்ந்தது. கம்... பளை... யில். வீ... டு. வா... ட... கைக்கு. கரண்டியைப் போட்டாள். கடையின் முன்பக்கத்துக்கு ஓடிவந்தாள்.

"முதலாளி! கம்பளையில ஒரு வீடு வாடகைக்கு இருக்காம்!"

"உனக்கு எதுக்கு வீடு?"

"எனக்கு யாருமே சொல்லல்ல முதலாளி! நானே கண்டுபுடிச்சேன்!"

சோற்றுக்கு நின்ற பத்துப் பேரும் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்கள். முதலாளிக்கு மட்டும் என்னவோ புரிந்தது. அன்று அவர் அவளைத் திட்டவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் வீட்டில் இடி விழுந்தது. பங்குத்தந்தை மன்றாட்டுகளை எழுதிவிட்டாராம். றேணுகா போய் வாங்கி வரக் கிளம்பினாள். பெற்றீசியா வாசலில் குறுக்கே நின்றாள்.

"போக வேணாம். நான் பங்குச் சாமிகிட்ட சொல்லிட்டேன். அந்தப் பேப்பர் கோயில்ல, அந்த நேரத்துலதான் என் கைக்கு வரணும். அதுக்கு முன்ன யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டக் கூடாது."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" றேணுகா அலறினாள். "ஒரு தடவ நான் வாசிச்சா அச்சு மாதிரி சொல்லுவீங்க. என் கல்யாணத்துலயா பரீட்சை எழுதப் போறீங்க? அவங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்கம்மா. நீங்க அங்க நின்னு திக்கினா, நான் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? யாருக்கும் தெரியாம நல்லபடியா முடிச்சிரலாமே!"

"யாருக்கும் தெரியாமலேதான் அம்பத்து மூணு வருசம் போச்சு." பெற்றீசியாவின் குரல் உடைந்தது. ஆனால் கால் நகரவில்லை. "ஆஸ்பத்திரித் துண்டு, பேங்க் ஃபோம், உன் பள்ளிக்கூட ரிப்போட், எல்லாத்தையும் உன்கிட்டயே குடுத்து வாசிக்கச் சொல்லி, 'ஆமா, ஆமா'ன்னு தலையாட்டினேன். சின்னப் புள்ளயில நீ எனக்குத் தாயா இருந்த. ஒரே ஒரு நாளு நான் உனக்குத் தாயா நிக்கிறேன் புள்ள. விட்டுரு."

அன்றிரவு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் இல்லை. றேணுகா அந்தத் தாளை வாங்கக் கோயிலுக்குப் போகவும் இல்லை.

செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை. கோயில் நிறைந்திருந்தது. பின்வரிசையில் கல்வி நிலையத்துப் பெண்கள். அன்னலட்சுமி மூன்று வருடம் தைத்த பிளவுஸை அன்றுதான் முதன்முதலாகப் போட்டிருந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு பஸீஹா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

மன்றாட்டு நேரம் வந்தது. ரொனியின் அம்மா வாசக மேடைக்குப் போனார். தெளிவான குரல், அளந்த நிறுத்தம். ஒரு நிமிடத்தில் தன்னுடைய இரண்டு மன்றாட்டுகளையும் முடித்துக்கொண்டு, மேடைக்குப் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றார்.

பெற்றீசியா எழுந்தாள். பங்குத்தந்தை மடித்த தாளை அவள் கையில் கொடுத்தார். விரித்தாள். இரண்டு மன்றாட்டுகள். பெரிய எழுத்தில்தான் எழுதியிருந்தார். சுட்டுவிரலை முதல் சொல்லில் வைத்தாள்.

"இன்... று... நம்... மோடு..."

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு. றேணுகா முகத்திரைக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த... ம... கிழ்ச்சியில்... பங்கு... கொள்ள... முடி... யாத..."

விரல் மெல்ல நகர்ந்தது. "மண... மகளின்... தந்தை..."

அடுத்த சொல்லில் விரல் வந்து நின்றது. சே. வி. யர்.

யாரும் சொல்லவில்லை. பங்குத்தந்தை சொல்லவில்லை, மகள் சொல்லவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதனின் பெயர், ஒரு சத்தமும் இல்லாமல் தாளிலிருந்து எழுந்து அவளுக்குள் வந்தது. அவரை அவள் வாசித்தாள். ஐயோ, அந்தப் பெயரை அவள் வாசித்துவிட்டாள்!

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஒரு நிமிடம் போனது. அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். ரொனியின் அம்மா இரக்கத்தோடு நெருங்கி வந்து, தாளை மெல்லப் பிடித்தார்.

"குடுங்க சம்மந்தி. நான் வாசிச்சிடுறேன். பரவாயில்ல."

பெற்றீசியா தாளை விடவில்லை. ஒலிபெருக்கி இருப்பதை மறந்து சொன்னாள். கோயில் முழுவதும் கேட்டது.

"வேணாம் சம்மந்தி. எனக்குத் தெரியுது. தெரியுறதுனாலதான் வரல்ல. கொஞ்சம் நில்லுங்க."

ரொனியின் அம்மா கையை எடுத்தார். பீடத்தின் முன்னால் றேணுகா முகத்திரையை விலக்கி, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, கண்ணுக்குக் கண்.

பெற்றீசியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். விரலை அந்தச் சொல்லிலேயே அழுத்தி வைத்தாள்.

"சே... வி... யருக்... காக, உம்மை... மன்றா... டுகின்... றோம்."

முன்வரிசை, நடுவரிசை, பூசைப் பதில் பழக்கமில்லாத பின்வரிசை எல்லாம் சேர்ந்து எழுந்த குரலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

ரொனியின் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பூசை நேரம் நீண்டுகொண்டிருந்தது. பங்குத்தந்தை அவசரப்படவில்லை.

தாளில் இன்னும் ஒரு மன்றாட்டு இருந்தது. மூன்று வரிகள். நடுவில் நீண்ட, பயங்கரமான சொல் ஒன்று. பெற்றீசியா அதைப் பார்த்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். விரலை அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள்.